ஏழூத்துக்குப் பதில் இன்னொரு ஊர்

பூதமலை அடிவாரத்தில் ஒரு மடம் இருக்கிறது. மடம் என்றதும் கோபுரம், யானை, வெள்ளிக் கதவு என்று யாரும் கற்பனையை ஓடவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, இரண்டு அறை, ஒரு நீளக் கூடம், பின்னால் அடுப்படி. மதியம் அங்கே யார் வந்தாலும் சோறு உண்டு. மலையேறுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், சாலை வேலைக்காரர்கள் எல்லாரும் வந்து இலைமுன் உட்காருவார்கள்.

மடத்தை நடத்துகிறவர் மரகதம்மா. வயது நாற்பத்தொன்று. முன்பு கணக்கு டீச்சராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டால், "பசிச்சது, வந்தேன்" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாது.

அவருடைய சீடர் வையாபுரி, குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். மாவட்டத் தலைநகரில் ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். சோப்பிலிருந்து தேர்தல் வரை எதைப் பற்றியும் வீடு வீடாகப் போய் மக்கள் நினைப்பதைக் கேட்டு, கட்டத்தில் டிக் போட்டுக் கொண்டு வருவது அவர்கள் தொழில். மடத்துக்கும் முதலில் அப்படித்தான் வந்தார். பாத்திரம் துலக்க என்ன சோப்பு என்று கேட்டார். "சாம்பல்" என்றார் மரகதம்மா. அதற்குக் கட்டம் இல்லை. மனிதர் பென்சிலும் கையுமாக வெகுநேரம் விழித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை தானாகவே வந்து பரிமாற ஆரம்பித்தார். நாலு வருடமாக அது நிற்கவில்லை.

நான் சொல்கிற சனிக்கிழமை அவர் ஒரு தோல் பையோடு வந்தார். பையைக் கீழே வைக்கவும் இல்லை, மாட்டிய சட்டையைக் கழற்றவும் இல்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

மரகதம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, முகம் இப்படிக் கெடக்குது?"

"ஒரு கேள்வி இருக்குதும்மா."

"கேளுங்க."

"இந்தச் செயற்கை நுண்ணறிவு நல்லதா, கெட்டதா?"

"ஊர் பூராவும் போய்க் கேட்டவர் நீங்க. என்கிட்ட கேக்கறீங்களே. ஊர் என்ன சொல்லுது?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னால நல்லதுன்னு சொல்லுச்சு. இப்போ கெட்டதுன்னு சொல்லுது."

"நடுவுல என்ன ஆச்சு?"

வையாபுரி பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தர் செத்துப்போயிட்டாரும்மா."

மரகதம்மா கீரைக் கட்டைத் தள்ளி வைத்தார். "உக்காருங்க" என்றார்.

வையாபுரி உட்கார்ந்து சொன்னார். முன்பெல்லாம் அந்த மாவட்டத்தில் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் எடுக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எட்டுப் பேர் காத்திருக்க வேண்டியதுதான். அந்த இடத்தில் ஓர் எந்திரத்தை வைக்கலாம் என்று யோசனை வந்தது. எத்தனை பேர் கூப்பிட்டாலும் அது முதல் மணியிலேயே எடுக்கும், தமிழில் பேசும். வண்டி வரும்வரை என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும். எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும். மக்கள் இதை ஏற்பார்களா என்று கேட்டு வரும் வேலை வையாபுரியின் நிறுவனத்துக்கு வந்தது. காகிதத்தில் மூன்று கட்டங்கள். ஏற்கிறேன், ஏற்கவில்லை, தெரியாது.

நூற்றுக்கு எண்பத்தொரு பேர் ஏற்கிறேன் என்றார்கள். எந்திரம் வந்தது.

"நல்லாத்தாம்மா வேலை செஞ்சுது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஷாகிதான்னு ஒரு பொண்ணு. அது புள்ளைக்கு வலிப்பு. வீட்டுல வேற ஆள் இல்ல. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில ஒண்ணும் திணிக்காதீங்க, பக்கத்துலயே இருங்க, வண்டி வந்துக்கிட்டிருக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சாம். புள்ள பொழச்சுக்கிச்சு. அது மாதிரி நூத்துக்கணக்குல இருக்காங்க. எனக்கு அவங்களத் தெரியும், வீட்டுக்கே போயிருக்கேன்."

"சரி."

"போன வைகாசியில ஏழூத்துல ஒருத்தரைப் பாம்பு கடிச்சிருச்சு."

ஏழூத்து மலைமேல் இருக்கிற ஊர். நாற்பத்தொரு வீடு. சடைச்சி என்ற பெண்ணின் புருஷன் சின்னான். சாமைக் கொல்லையில் கடித்தது. சடைச்சிதான் போன் போட்டாள். எந்திரம் உடனே எடுத்தது, பதறாமல் பேசியது. இறுக்கிக் கட்டாதே, நடக்கவிடாதே என்று சரியாகத்தான் சொன்னது. வண்டியையும் உடனே அனுப்பியது. ஆனால் மலையின் தெற்குப் பக்கம் அனுப்பிவிட்டது. வரைபடத்தில் தெற்குப் பக்கம் ஒரு சாலை இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் அனுமதியாகி, வரைபடத்தில் ஏறி, அத்தோடு நின்றுபோன சாலை. ஊர்க்காரர்கள் சின்னானை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, வழக்கம்போல வடக்கு வழியாகப் புளியமரத்து ஸ்டாப்புக்கு இறங்கினார்கள். அங்கே அவர்கள் காத்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருந்தார். வண்டி சுற்றிக்கொண்டு வந்து சேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் சின்னான் உயிர் போய்விட்டது.

"அந்த ரெண்டு பொண்ணுங்க இருந்தவரைக்கும், மலையிலேருந்து போன் வந்தா எந்தப் பக்கம் எறங்குவீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குவாங்களாம். இதுக்கு அது தோணல."

ஒரு வாரம் டி.வி.யில் அதே பேச்சு. அதற்குப் பிறகு எந்திரத்தை நிறுத்தலாமா, தொடரலாமா என்று மறுபடியும் மக்களைக் கேட்கச் சொன்னார்கள். கேட்டார்கள். இந்த முறை நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் நிறுத்து என்றார்கள். அதில் பாதிப்பேர் அந்த எண்ணுக்கு வாழ்நாளில் போன் போட்டதே இல்லை. போன தடவை ஆகா என்றவர்களும் அவர்கள்தான்.

வையாபுரி பையிலிருந்து அறிக்கையின் கடைசித் தாளை எடுத்தார். 'மேற்பார்வையாளர் குறிப்பு' என்று போட்டு அதன் கீழே நாலு வரி இடம் விட்டிருந்தது.

"எந்திரத்தை என்ன பண்றதுன்னு முடிவெடுக்கிற கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுதும்மா. மத்த பக்கத்தையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க. இந்த நாலு வரியத்தான் படிப்பாங்க. நிறுத்துன்னு எழுதினா, ஷாகிதா மாதிரி இன்னொரு பொண்ணு போனைக் காதுல வெச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கும். தொடரட்டும்னு எழுதினா, மலையில இன்னொரு வீட்டுல சாவு. ஒரு வாரமாத் தூங்கல. நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதிக் குடுத்துடறேன்."

மரகதம்மா தாளை வாங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பந்திக்கு நேரமாச்சு. மொதல்ல பரிமாறுங்க."

வையாபுரிக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. உயிர் போகிற கேள்வியைக் கொண்டுவந்து வைத்தால், கரண்டியைக் காட்டுகிறார்களே என்று நினைத்தார். ஆனாலும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு ஒண்ணு செய்யுங்க" என்றார் மரகதம்மா. "மறுசோறு யாருக்கு வேணும், யாருக்குப் போதும்னு கேட்டு எழுதிட்டு வாங்க. எழுதினபடி போடுவோம்."

அன்று பந்தியில் முப்பத்துநாலு பேர். பெரும்பாலும் தார் போடுகிற ஆட்கள். முதல் சுற்றுச் சோறும் கீரைக் குழம்பும் ஆனது. வையாபுரி அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வரிசையில் வந்தார். இது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். குனிந்து, தணிந்த குரலில், ஒரே மாதிரியாக எல்லாரையும் கேட்டார்.

"சோறு இன்னும் வேணுங்களா, போதுங்களா?"

"போதுங்க."

"போதும் சாமி."

"போதும், போதும்."

"கொஞ்சம் போடுங்க."

இருபத்தேழு பேர் போதும், ஏழு பேர் வேணும். தாளை அடுப்படிக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். மரகதம்மா அதைப் படித்துவிட்டு ஏழு பேருக்கு மட்டும் சோற்றை வாளியில் அள்ளிக் கொடுத்தார். அண்டாவைத் தட்டால் மூடி, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தார். வையாபுரி ஏழு இலையிலும் போட்டு முடித்தார்.

"அவங்க எழுந்திருக்கறதுக்கு முன்னால ஒரு தடவை நடந்துட்டு வாங்க. எதையும் கேக்காதீங்க. இலையைப் பாருங்க."

வையாபுரி போனார். மூன்றாவது இலையிலேயே நின்றுவிட்டார். தார் வேலைக்கு வந்த ஒரு நடுவயதுப் பெண் இலையோரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் இரண்டாவது டம்ளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த இலைகளில் குழம்பு ஈரம்கூட இல்லை. போதும் என்று சொன்ன இருபத்தேழு பேரில் இருபது பேர் இலை அப்படித்தான் இருந்தது. வேணும் என்று கேட்ட ஏழு பேரில் இரண்டு பேர் சோற்றை அளைந்து ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுப்படிக்கு ஓடினார். கல்லைத் தள்ளி, அண்டாவைத் திறந்து, வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். மரகதம்மா தடுக்கவில்லை.

"வேணாங்க, போதுங்க" என்றாள் அந்தப் பெண்.

"நீ சும்மா இரு தாயி" என்று இரண்டு கரண்டி போட்டார். அவள் தலை நிமிராமல் பிசைந்து சாப்பிட்டாள். காலியாக இருந்த எல்லா இலையிலும் போட்டார். அண்டா காலியாகிவிட்டது. அன்றைக்கு அவருக்கும் மரகதம்மாவுக்கும் அடிப்பிடித்த சோறும் மோரும்தான்.

கூடத்தைக் கழுவிவிட்டபின் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள்.

"நாலு வருசமாப் பரிமாறுறீங்க" என்றார் மரகதம்மா. "ஒருத்தர் மொதத்தடவை போதும்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

"எப்படிம்மா விடறது? யாரும் விட மாட்டாங்க. சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்றதுதானே அது."

"இன்னைக்கு விட்டுட்டீங்களே."

"கையில காகிதம் இருந்துச்சு."

மரகதம்மா மோரை ஊற்றிக்கொண்டார். வையாபுரி சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"அப்போ ஜனங்க சொன்னது எல்லாம் பொய்யாம்மா? எண்பத்தொண்ணும் பொய், எழுபத்தெட்டும் பொய்யா?"

"யாரு ஐயா பொய் சொன்னாங்க? மரியாதையா ஒருத்தர் வந்து குனிஞ்சு கேட்டார். அவங்களும் மரியாதையா பதில் சொன்னாங்க."

இன்னொரு கவளம் சாப்பிட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"மொதத்தடவை ஏழூத்துக்கு யாரு போனது?"

வையாபுரியின் கை இலையில் நின்றுவிட்டது.

"நான்தாம்மா. அந்தப் பகுதிக்குப் போக வேண்டியவன் லீவு போட்டுட்டான்."

"சொல்லுங்க."

"மழை. கடைசி ஜீப் நாலு மணிக்கு. அதை விட்டா மறுநாள்தான். வீட்டுக்கு வீடு நீங்க படிச்சவங்க, நல்லதுக்குத்தான் செய்வீங்கன்னு சொன்னாங்க. அப்படிச் சொன்னா அதுக்குத் தெரியாதுன்னு போடணும். அதுதான் முறை. ஆனா எங்க கம்பெனியில ஒரு சட்டம் இருக்குது. ஒரு ஊர்ல பத்துல ஒரு பங்குக்கு மேல தெரியாது வந்தா, திரும்பவும் அந்த ஊருக்குப் போய் முதல்லேருந்து கேக்கணும். மறுபடியும் மலையேறணுமே."

"அதனால?"

"எல்லாத்துக்கும் ஏற்கிறேன்னு போட்டேன். எல்லாரும் அப்படித்தாம்மா போடுவாங்க."

கடைசி வார்த்தையைச் சொன்னதும் அவருக்கே அது கூசியது. தலையைக் குனிந்துகொண்டார்.

"சடைச்சி வீட்டுலயும் அதேதானா?"

"அவங்க கஞ்சி குடுத்தாங்க. சாமைக்கஞ்சி. நான் நனைஞ்சிருந்தேன், தலை துவட்டத் துணியும் குடுத்தாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. நாங்க போன் பண்ணா வண்டி எந்த வழியா வரும், அந்த எந்திரத்துக்கு எங்க வழி தெரியுமான்னு கேட்டாங்க. நாப்பத்தொரு வீட்டுல அவங்க ஒருத்தர்தான் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதுக்கு எல்லாமே தெரியும் தாயின்னு சொல்லிட்டேன்."

"அன்னைக்கு நீங்க எந்த வழியாப் போனீங்க?"

"புளியமரத்து ஸ்டாப்புல எறங்கி, மூணு மைல் நடந்து."

"தெற்கால ரோடு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அது எந்திரத்துக்குத் தெரியுமான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு ஒரு கட்டம் இருந்துச்சுன்னீங்களே."

"அது அவங்க பதிலுக்கும்மா. எனக்கு இல்ல."

மரகதம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வையாபுரி அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் எழுந்து கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. அவர் அழுதுகொண்டிருந்தார். ஒரு பொய் சொன்னோம் என்பதுகூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. அந்தப் பெண் அதை நம்பினாள், நம்பித்தான் அந்த எண்ணுக்குப் போன் போட்டாள் என்பதுதான் வாட்டியது. அவள் கேட்டதைக் காகித ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். ஓரத்தில் இடமும் இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது மரகதம்மா இலைகளை எடுத்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை ஏழூத்துல எத்தனை பேர் நிறுத்தச் சொன்னாங்க?" என்று துடைத்துக்கொண்டே கேட்டார்.

வையாபுரி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா."

"ஏழூத்துக்குப் போகலம்மா. ஒரு ஊருக்குப் போக முடியலைன்னா பக்கத்து ஊரை எடுத்துக்கலாம்னு எங்களுக்கு விதி இருக்குது. ஏழூத்துக்குப் பதிலாக் கீழ்ப்புத்தூர் எடுத்தோம். மாத்தி எடுத்ததுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"மழையா?"

"இல்ல. நல்ல வெயில்."

"ஜீப் இல்லையா?"

"இருந்துச்சு."

"பின்னே?"

"சடைச்சி மூஞ்சியில முழிக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

மரகதம்மா துடைக்கிற துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. திட்டுவார் என்று வையாபுரி எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"எழுபத்தெட்டுப் பேரு நிறுத்தச் சொல்றாங்க" என்றார் மரகதம்மா மெதுவாக. "ஷாகிதா நிறுத்தாதேங்குது. உங்க கம்பெனி ஒண்ணு சொல்லுது, டி.வி. ஒண்ணு சொல்லுது. இப்போ நானும் ஒண்ணு சொல்லணும்ங்கறீங்க."

"யாரையாவது கேட்டுத்தானேம்மா எழுதணும்?"

"ஆமா. கேட்டுத்தான் எழுதணும்."

வையாபுரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு அடுப்படிச் சன்னலைப் பார்த்தார். அங்கிருந்து பூதமலை தெரிந்தது, வடக்குப் பக்கத்து ஒற்றையடிப் பாதையும் பாதி தூரம் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நாலு வரி காலியாக இருந்த தாளை எடுத்து மடித்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அம்மா, நான் இப்போ போனா... சடைச்சி எனக்குப் பதில் சொல்லுவாங்களா?"

மரகதம்மா அவருடைய சட்டையை ஆணியிலிருந்து எடுத்து உதறினார். அவர் கையில் கொடுத்தார்.

"சொல்ல மாட்டாங்க. ஆனாலும் போய்க் கேளுங்க, ஐயா."